சொல்லியாச்சா என்று கேட்ட ஜெயசீலி அக்கா

செய்தி வந்தபோது தாம்பரம் நீதிமன்ற வராந்தாவில் நின்று அக்காவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு வழக்கு. ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுகிறவர் பத்தேகால் ஆகியும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அப்புறம் மறுவாழ்வு இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். இங்கே வரக் கிளம்பியவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இன்றைய வழக்குக்கு இனி யார் வருவார் என்ற எரிச்சல். இதை மறைத்து எழுதினால் அக்காவே வந்து பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

ஜெயசீலி அக்காவோடு பழகியவர்களுக்கு நான் புதிதாக அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பெருங்களத்தூரில் குடியிலும் கஞ்சாவிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கான ஒரு சிறிய இல்லத்தில் ஆலோசகராக இருந்தார். அங்கே வருகிற பலர்மேல் ஏதாவது ஒரு வழக்கு இருக்கும். இலவச சட்ட உதவி வக்கீல் என்பதால் அவற்றில் சில என்னிடம் வரும். அப்படித்தான் பதினோரு வருடம் ஒரே வராந்தாவில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு முதலில் பிடிக்கவேயில்லை. வாய்தா நாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே எதிரே உள்ள டீக்கடையில் ஆளை உட்கார வைப்பார். டம்ளர் தளும்ப டீ ஊற்றச் சொல்லி, அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிந்தினால் அன்றைய திட்டமே மாறிவிடும். குடித்தாயா என்று கேட்கமாட்டார். "கடைசியா எப்ப சார்?" என்பார். ஆமாம், சார்தான். மோட்டார் திருடியவரும் சார், செயின் அறுத்தவரும் சார். ஒருமுறை இதைக் கேட்டு ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா அவரிடம் பொறுமையாகச் சொன்னார்: "கேஸ் கட்டுக்குள்ள இருக்கிறது அவர் செஞ்சது. இங்க டீ குடிக்கிறது அவரு. ரெண்டையும் ஒண்ணா சேத்துக் கூப்பிட எனக்கு வரல சார்." ஏட்டு தனக்கும் ஒரு டீ சொன்னார்.

ஓர் இடத்தில் உட்காரமாட்டார், என்னையும் உட்காரவிடமாட்டார். தீர்ப்பு நல்லபடியாக வந்தால் நான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பேன். அவர் பரபரவென்று செருப்பைத் தேடுவார். "உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு இப்பதான் பயமே." விடுதலையான சந்தோஷத்தில் ஆளின் கால் நேரே எந்தக் கடைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதற்குமுன் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.

இனி, நாலு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குமார் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். குடிக்காக அங்கிருந்த செம்புக் கம்பியைத் தூக்கி மாட்டிக்கொண்டார். ஜாமீனில் வந்தபின் இரண்டு வாய்தாவுக்கு ஆளைக் காணோம். இந்த முறையும் வராவிட்டால் பிடிவாரண்ட் என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். முந்தின நாளே அக்கா எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். குடியை நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். அப்படி ஏதாவது என்றால் அவரை நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், நீங்கள் அந்தச் சீட்டைக் காட்டி வாய்தா வாங்குங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குமாரின் மனைவி செல்வி போன் செய்தார்.

"வக்கீலம்மா, அவருக்குக் கை உதறிகினே கீது. டம்ளரகூட புடிக்க முடியல. இன்னா பண்றது?"

அக்காவைக் கூப்பிடும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் வாய்தா கேட்டு எல்லார் முன்னாலும் வசவு வாங்க எனக்கு மனமில்லை. "ஒரு கட்டிங் குடுத்துக் கூட்டிட்டு வாம்மா. நேரா நின்னா போதும்," என்றேன். வாய்தா நாளில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். கொஞ்சம் உள்ளே போனால் நடுக்கம் நிற்கும், கையெழுத்து கோணாது. அன்று கட்டிங்கோடு நிற்கவில்லை, பாட்டிலே காலியாகிவிட்டது. குமார் கூண்டில் ஏறும் முன்பே வாசனை மாஜிஸ்திரேட் மேடைவரை போய்விட்டது. ஜாமீன் ரத்தானது.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் முன்னே போய் நின்றார். "ஐயா, இவர் இன்னிக்குக் குடிச்சிருக்கார், மறைக்கல. உள்ள போனா குடி நின்னுடும், ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரும். ஜெயில் ஆஸ்பத்திரியில சேக்கணும்னு ஆர்டர்லயே எழுதிக் குடுங்க." மாஜிஸ்திரேட் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. வார்டில் இருந்ததால் குமார் பிழைத்தார்.

பிறகு அவர் இல்லத்தில் சேர்ந்து தேறினார். வழக்கும் நன்னடத்தைப் பிணையில் முடிந்தது. ஆனால் அன்று காலையில் ஊற்றிக் கொடுத்தவள் செல்வி என்பதுதான் அந்த வீட்டில் நிலைத்த பேச்சு. மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணைப் பொசுக்கினார். குமாருக்குக் கோபம் வந்தாலும் முதலில் எடுப்பது அதைத்தான். செல்வி ஒருநாள்கூட என் பெயரைச் சொல்லவில்லை. மனது கேட்காமல் நான்தான் ஒருநாள் அக்காவிடம் உண்மையைக் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "நான் சொல்லமாட்டேன். குமார் சார்கிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவிலும் வணக்கத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி வரும். "சொல்லியாச்சா?" இல்லை என்பேன். "சரி, கேஸப் பாப்போம்," என்பார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன். அவரைப் பார்த்தாலே கேஸ் கட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொள்வேன். சில நாள் வராந்தாவின் மறுகோடி வழியாக நழுவியும் இருக்கிறேன். இறப்பதற்கு முந்தின நாள் போனில்கூடக் கேட்டார்.

அடக்கத்தன்று அவர் வீட்டு முன்னால் குமார் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். செல்வி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டு, உட்காராமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். குமார் என்னைப் பார்க்கவில்லை. செல்வியைத்தான் பார்த்தார்.

"நாலு வருசமா இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவங்களாண்ட சண்டைக்குப் போயிருப்ப. அவங்க கேஸ வுட்டுட்டா, நமக்கு வேற யாரு கீறாங்க?"

சொல்லிவிட்டு என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காலையிலிருந்து நிற்கிறீர்கள், குடியுங்கள் என்றார். குமார் கையிலிருந்த நாற்காலியைச் செல்விக்குப் போட்டு உட்காரச் சொன்னார். எனக்குப் போடவில்லை. நியாயம்தான்.

அக்கா வராமல் நின்றுபோன அந்த வழக்குக்குப் பதினைந்து நாள் கழித்து வாய்தா. ஒன்பதரைக்கே டீக்கடையில் அந்த ஆளை உட்கார வைத்து டம்ளர் தளும்ப டீ கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. "கடைசியா எப்ப சார்?" என்று கேட்டேன். எனக்கு சார் என்று சுலபமாக வரவில்லை, ஆனாலும் கேட்டேன். நேற்று ராத்திரி என்றார். உள்ளே போய், யாரும் முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால், மாஜிஸ்திரேட்டிடம் நானே சொல்லி ஆஸ்பத்திரிக்கு உத்தரவு கேட்டேன். வசவும் கிடைத்தது, உத்தரவும் கிடைத்தது.

வெளியே வந்ததும் பழைய பயத்தில் வராந்தாவின் கோடியைப் பார்த்தேன். யாரும் இல்லை. சொல்லியாச்சு அக்கா, என்றேன். அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்க இனி எனக்கு வேறு ஆள் இல்லை.