நடுங்கும் கிட்டார்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களில் வாசித்துவந்த ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வதே பெரிய வார்த்தை. கேசட்டில் இருந்ததைக் காப்பியடித்தேன். எங்கள் குழுத் தலைவருக்கு இசை என்றாலே அதுதான். சுருதி விலகினால்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் தனக்குப் பாம்புச் செவி என்று மைக்கிலேயே அறிவித்துக்கொள்வார்.

ஒருநாள் ஒத்திகையில் ஒரு புதுப் பாட்டின் கேசட்டைப் போட்டார். தொடக்கத்தில் தனியாக வந்த கிட்டார், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நெளிந்தது.

"கேட்டியா? ஒன் கிட்டார் ஏன் இப்படி ஆட மாட்டேங்குது? தீபாவளிக்குள்ள இந்த சவுண்டு வரணும். இல்லைன்னா கீபோர்டு ஆளைப் போட்டுருவேன் லா."

பகலெல்லாம் கப்பல் கம்பெனியில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் நான். அங்கே என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மாதா கோயில் பாடற்குழுவிலோ எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிசாசின் சாமான் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கல்யாண மேடையும் போய்விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

ஒலியை நெளிய வைக்கக் காலால் மிதிக்கும் ஒரு பெட்டி உண்டு, ஃபேசர் என்பார்கள். நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கடை ஒன்றில் கேட்டேன். விற்பனையாளன் முதலில் என் செருப்பைப் பார்த்தான். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, பத்து வருஷத்துக்கு முந்தைய மாடலைப் போலவே செய்தது என்றான். புதுச் சாமானைப் பழசுபோல் செய்ததற்காக என் சம்பளத்தில் பாதியைக் கேட்டான். பழசே வேண்டும் என்றால் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் தரையிலேயே கிடக்குமே!

கிடந்தது. துருப்பிடித்த மின்விசிறிக்கும் ஒற்றைக்கால் ஷூவுக்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி. கடை விரித்திருந்த சீனக் கிழவர், "கேன் ஒர்க் லா, கேன் ஒர்க்" என்றார். அதை எதில் செருகுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. விலையாகப் பதினைந்து வெள்ளி கொடுத்தேன். பேட்டரி வைக்கும் இடத்தில் பூத்திருந்த பச்சைக் களிம்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, புது பேட்டரி போட்டேன். கிழவர் பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் நான் சந்தித்தவர்களில் அவர் ஒருவர்தான் அப்படி.

தீபாவளிக்கு முந்தைய கல்யாணத்தில் என் கிட்டார் நெளிந்தது, மண்டபம் கைதட்டியது. தலைவர் தானே கண்டுபிடித்த ஒலிபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த என் ஆபீஸ் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், மறுநாள் கேட்டார்: "ஏன் காணும், கிட்டார் குளிர்காய்ச்சல் வந்தது மாதிரி நடுங்கினது?" அவர் வீட்டில் அதே பாட்டின் இசைத்தட்டு இருந்தது. சனிக்கிழமை போய்க் கேட்டேன். கிட்டார் ஆணி அடித்ததுபோல் நேராக, சுத்தமாக நின்றது. நெளிவே இல்லை. நான் கொண்டுபோயிருந்த எங்கள் குழுவின் கேசட்டையும் போட்டுப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்கட நாடா இழுபட்டுப் போச்சு. பாருங்கோ, பாடுறவரும் எல்லோ நடுங்குறார். அவருக்கும் ஒரு பெட்டி வாங்குவியளோ?"

எங்கள் பாடகர் குரலை நடுக்கியே அந்தப் பாட்டைப் பாடிப் பழகியிருந்தார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தலைவரிடம் மட்டும் போய்ச் சொன்னேன், கொஞ்சம் குரூரமான சந்தோஷத்தோடு. அவர் முகத்தில் ஈ ஆடவில்லை என்று எழுத ஆசைதான். "நான் அப்பவே நெனச்சேன். அடுத்த கல்யாணத்துல நேரா வாசி" என்றார்.

வாசித்தேன். இசைத்தட்டில் கேட்டதுபோலவே, ஒரு பிசிறு இல்லாமல். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. பாதியிலேயே பெண்ணின் அப்பா மேடையருகே வந்துவிட்டார்.

"என்னங்க இது, ஒரிஜினல் மாதிரியே இல்லையே?"

அந்த வட்டாரத்தில் எல்லாரும் எங்களைப் போலவே ஒரே கடையில், அதே இழுபட்ட நாடாவிலிருந்து பதிவு செய்த கேசட்டைத்தான் வீட்டில் வைத்திருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, "தம்பிக்கு இன்னைக்கு மூடு சரியில்லை, மன்னிச்சுக்கங்க" என்று மண்டபத்துக்கே சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்.

எது சரியான ஒலி என்று அந்த மண்டபத்தில் காதால் கேட்டுத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இறங்கிப் போயிருக்கலாம். நான் பெடலை மிதித்தேன். பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த பாட்டுக்கும் நான் அதை அணைக்கவில்லை.