ஓட்டைப் பலூன்

ஆறாம் வகுப்பில் நான் ஒரு நுரையீரல் செய்தேன். அந்த வேலையில் கடவுளுக்கு அடுத்த இடம் எனக்குத்தான் என்று அப்போது ஓர் அபிப்பிராயம்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்தான் நெஞ்சுக்கூடு. மூடியைத் துளைத்து, கவட்டை மாதிரிப் பிரியும் குழாய் ஒன்றைச் செருகி, அதன் இரண்டு நுனியிலும் பலூன் கட்ட வேண்டும். வெட்டிய அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர்தான் உதரவிதானம். ரப்பரைக் கீழே இழுத்தால் பாட்டிலுக்குள் இடம் பெருகும். வெளிக்காற்று உள்ளே ஓடிவந்து பலூன்களை விரிக்கும். விட்டால் சுருங்கும். நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை, இடம் கிடைத்தால் விரியும், அவ்வளவுதான் என்றார் டீச்சர். சொந்த பலமில்லாமல் பிழைப்பதில் எனக்கும் அதற்கும் ஒற்றுமை இருந்ததால் பாடம் மனதில் நின்றது.

என் நுரையீரலோ விரியவில்லை. புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், முதலில் வாயால் ஊதித் தளர்த்த வேண்டும். ஊதினேன். கண் பிதுங்கியது, காது அடைத்தது, பலூன் அசையவில்லை. நைனாவிடம் கொண்டுபோனேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு டிரில் போட்டவர். சுரங்கத்தை மூடியதிலிருந்து வீட்டில் இருந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பாலகாட் லைனில், எங்கள் வீட்டில் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டாம், காது கொடுத்தால் போதும். மூச்சோடு சன்னமாக ஒரு விசில் வரும். அப்பாக்கள் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் லைனில் பலர் அப்படித்தான். இப்போது விடியலில் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிறபோது, தூங்குகிறவர்களின் குறட்டைக் கச்சேரிக்கு நடுவே கண்ணை மூடி அந்த விசிலைத் தேடுகிறேன். கிடைத்ததில்லை. கச்சேரியில் பெரிய வித்வான் நான்தான் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார்.

"நைனா, இத்த ஊதிக் குடு."

"சுரங்க ஷாஃப்டுல பாறையவே ஊதித் தள்ளினவன்டா நானு. இது இன்னா பெரிசு?"

ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. பலூன் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, மனம் மாறித் திரும்பிவிட்டது. மறுபடி ஊதினார். இருமல் பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

நைனா பலூனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டைடா இது. ஏமாத்திட்டான். போய் மாத்திக்கினு வா."

நீதி கேட்டு பஜாருக்கு ஓடினேன். "ஓட்டைப் பலூன் வித்துட்டீங்க மாமா!"

கடைக்கார மாமா அதை வாங்கித் துடைத்து, ஒரே மூச்சில் பூசணிக்காய் ஆக்கிக் காட்டினார். கடையே சிரித்தது. "எங்கடா ஓட்ட? உன் வாயில இருக்கா பாரு."

"நான் ஒண்ணும் ஊதல. எங்க நைனாதான் ஊதினாரு. ஓட்டைன்னு அவரேதான் சொன்னாரு."

மாமாவின் சிரிப்பு நின்றது. விரலைத் தளர்த்தி, சீறி இறங்கும் காற்றைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"அட ஆமாண்டா. பொடி ஓட்ட. நைனா சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

வேறு இரண்டு பலூன்களை எடுத்து அவரே ஊதித் தளர்த்திக் கொடுத்தார். "தப்பு எம்மேலதான்னு நைனாகிட்ட சொல்லு, இன்னா?"

யாரும் சிரிக்கவில்லை. என் வாதத் திறமையைக் கண்டு வாயடைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஓட்டையேதான் நைனா! மாமாவே ஒத்துக்கினாரு!"

"நான் சொல்லல?" என்று நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா சொன்னது பொய் என்பதும், டிரில் போடும்போது பறக்கும் பாறைத்தூள் நெஞ்சில் தங்கித் தழும்பாகி நுரையீரலை விரியவிடாது என்பதும் எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று. அன்று பலூன்களைக் கட்டி ரப்பரை இழுத்தேன். இரண்டும் லேசாக விரிந்தன, சுருங்கின. நைனா பாட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா இழு."

இழுத்தேன்.

"இன்னொரு தபா."

பிள்ளையின் சாமர்த்தியத்தில் மனிதர் சொக்கிப்போய்விட்டார் என்று பூரித்து, ரப்பர் அறுகிற வரைக்கும் இழுத்துக் காட்டினேன்.