லூக் காட்டிய கதிரை

உணவகத்தில் வேலை செய்கிற நான், ஞாயிறுகளில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் ஒரு வீட்டுக்கு உதவப் போவேன். மனவளர்ச்சி குன்றியவர்களும் தொண்டர்களும் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். முதல் நாளே அறுபது வயது லூக் என்னைப் படாதபாடு படுத்திவிட்டார்.

எல்லாருக்கும் நின்றபடி பரிமாறினேன். லூக் மட்டும் கரண்டியைத் தொடவில்லை. சாப்பிட்டால்தான் அவருக்கு மருந்து கொடுக்கலாம். கெஞ்சினேன். சோற்றை இரண்டு தரம் சூடாக்கினேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அங்கே தொண்டராகத் தங்கியிருக்கும் மன்னார் அக்கா சிரித்தார். "தம்பி, நீரும் எங்களோட சாப்பிட இருந்தால்தான் அவர் சாப்பிடுவார்."

"பரிமாறுறவன் கடைசியிலதானே அக்கா சாப்பிடுறது?"

"இஞ்சை அப்பிடி இல்லை."

லூக் பக்கத்துக் கதிரையைத் தட்டி, "இரு!" என்று பிரெஞ்சில் கத்தினார். அந்தக் கதிரையில் இருந்தேன். உடனே கரண்டியை எடுத்தார்.

கூச்சக்காரனான எனக்கு நிற்பதுதான் வசதி. யாரோடும் பேச வேண்டியதில்லை. இன்றும் லூக் எனக்கு எரிச்சல் மூட்டுவார். ஆனால் இப்போது அவர் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டுதான் கோபப்படுகிறேன்.