கப்பல் குடித்தது சிவப்பா, வெள்ளையா?

பெட்ரோல் பங்கில் நிற்கிறவனுக்கு இரண்டு மூக்கு வேண்டும்: ஒன்று பெட்ரோலை மோந்து பார்க்க, இன்னொன்று வந்து நிற்கிற ஆளின் வீம்பை மோந்து பார்க்க.

ஆசைப்பட்டுப் பெரிய காராக வாங்கிவிட்டு, பங்கில் போய் நின்றதும் "சாதாவா, ஸ்பெஷலா?" என்று கேட்டால் பதில் தெரியாமல் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிற சகோதரர்களே, உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். அந்த அவஸ்தையை மதுரையில் ஆரம்பித்து வைத்த பாவிகளில் நானும் ஒருத்தன். யுத்தத்துக்கு முந்தின காலம் அது. நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். பல் ஏற்கெனவே கொட்டிவிட்டது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

இரண்டு குடுவைகள்

தல்லாகுளத்தில் எங்கள் பங்கு. இரண்டு பம்புகள், கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்கிற மாதிரி நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடிக் குடுவை. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பூமிக்கடியிலிருந்து பெட்ரோல் குடுவைக்கு ஏறும். இத்தனை கேலன் என்று கண்ணாடியிலேயே கோடு போட்டிருக்கும். குழாயைத் திறந்தால் காருக்குள் இறங்கும். ஒரு குடுவையில் சாதா, தண்ணீர் மாதிரி இருக்கும். அதை வெள்ளை என்போம். மற்றதில் ஒசத்தி. அடையாளம் தெரியச் சாயம் போட்டு, ரோஸ் சர்பத் மாதிரி இருக்கும், அது சிவப்பு. வெள்ளை அடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தார். சிவப்பு வந்தபோது அதற்கென்றே என்னைச் சேர்த்தார்கள்.

வந்த கார் எல்லாம் வெள்ளைக்குப் போனது. என் பம்பின் மேல் காக்கை உட்கார்ந்து தூங்கியது. ஒரு மாதம் பார்த்த முதலாளி, தை பிறந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாயாண்டி, சித்திரைத் திருவிழாவுக்குள்ள சிவப்பு ஓடணும். ஓடலைன்னா பம்பையும் உன்னையும் ஒரே வண்டியில ஏத்தி அனுப்பிருவேன், பாத்துக்க."

மாப்ள என்று கூப்பிடாத மனிதர்

வேலை போனால் வேறு வேலை தேடலாம். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அதன் பெயர் ராக்கு.

ராக்குவின் அப்பா சங்கையா, திருமங்கலத்துப் பண்ணையாரின் கார் டிரைவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பெண் கேட்டுப் போனபோது மனிதர் பிடி கொடுக்கவில்லை. "வேலையில இருக்கிற பயலுக்குத்தான் பொண்ணு. பொய் சொல்லாத பயலா இருக்கணும்" என்று இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவதே ஆட்டம் கண்டிருந்தது. இரண்டாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராக்கு கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த சத்தம் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

சங்கையா வாயில் மதுரை முழுக்க மாப்ளதான். வெற்றிலைக்கடைக்காரர் மாப்ள, ஜட்கா வண்டிக்காரர் மாப்ள, அபராதம் போட வந்த போலீஸ்காரர்கூட மாப்ள. என்னை மட்டும் "ஏப்பா பங்கு" என்பார். ஒருநாள் வாய் தவறி "மாமா" என்றுவிட்டேன். மீசையை ஒரு தடவை முறுக்கிவிட்டுச் சொன்னார்: "யாருக்கு யாரு மாமா? வெத்தலைபாக்கு மாத்துன பெறகு கூப்பிடு."

எதிர்வீட்டு மாடி

ஆக, சிவப்பு விற்றாக வேண்டும். வாயைத் திறந்தேன். சிவப்பு போட்ட கார் திருமங்கலத்தில் ஹாரன் அடித்தால், அந்தச் சத்தம் மதுரைக்கு வந்து சேர்வதற்குள் கார் வந்து நின்று, டிரைவர் காபி சாப்பிட்டு முடித்திருப்பார் என்றேன். கொட்டாம்பட்டி ரோட்டில் ஒரு கார் தன் நிழலையே முந்திப் போனதையும், நிழல் பின்னாலேயே ஓடி வந்து மேலூரில் சேர்ந்துகொண்டதையும் என் கண்ணால் பார்த்ததாகச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வெள்ளை போட்டுக்கொண்டு போனார்கள்.

முதன்முதலாகச் சிவப்பு கேட்டது, பங்கை ஒட்டிக் குடியிருந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மாள். கார் வேகமாகப் போகுமா என்றெல்லாம் கேட்கவே இல்லை. டிரைவரிடம் காரை முன்னே, பின்னே, கொஞ்சம் சாய்த்து என்று மூன்று தடவை நிறுத்தச் சொன்னார். குடுவை நிறைய ஏற்றி, வெயிலில் அது மாணிக்கம் மாதிரி ஜொலிக்க, குழாயைத் திறக்கப் போனேன். அம்மாள் கையைக் காட்டித் தடுத்தார்: "பைய இறக்குப்பா, என்ன அவசரம்? எதிர்வீட்டுக்காரி இன்னும் மாடிக்கே வரலை."

கல்யாணமும் கேதமும்

அந்தத் தை மாதத்திலேயே ஒரு கல்யாண ஊர்வலக் கார் வந்தது. டிரைவர் பழக்கத்தில் வெள்ளைப் பம்பில் கொண்டுபோய் நிறுத்த, உள்ளே இருந்த மாப்பிள்ளையின் அத்தை ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், குடுவை விரிசல் விடாமல் தப்பியது. நான் ஓடிப்போய்ச் சிவப்பை ஊற்றினேன். சேதி பரவி, தை, மாசி இரண்டு மாதமும் கல்யாணக் கார் எல்லாம் என்னிடம், துக்கம் கேட்கக் கேத வீட்டுக்குப் போகிற கார் எல்லாம் வெள்ளைக்கு என்று ஆகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். பங்குனி வந்தது. கல்யாணம் நின்றது. காக்கை திரும்பி வந்து உட்கார்ந்தது.

அந்த அத்தை போட்ட சத்தத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்: "நல்ல காரியத்துக்குப் போற வண்டிக்கு வெள்ளையவா ஊத்துவ? உனக்கெல்லாம் அக்கா தங்கச்சி கெடையாதா?"

வக்கீல் காரின் இருமல்

இதற்கு நடுவே ஒரு வக்கீலின் சின்னக் கார். சின்னதுதான், ஆனால் எஞ்சின் முறுக்கான சாதி. கொடைக்கானல் மலை ஏறும்போதெல்லாம் உள்ளே பாத்திரக்கடை வைத்த மாதிரி டக்கு டக்கென்று தட்டுகிறது என்று புலம்பினார். "சிவப்பைப் போடுங்க, உங்களுக்கு முன்னால கார் மலை ஏறிக் குல்லாப் போட்டு உக்காந்திருக்கும்" என்று வழக்கம்போல் அடித்துவிட்டேன். அடுத்த வாரம் வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டல் நின்றுவிட்டதாம். எனக்கே ஆச்சரியம். நான் சொன்ன பொய் ஒன்று எனக்குத் தெரியாமல் உண்மையாகிவிட்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் சங்கையாவிடம் பெருமை அடித்தேன். அவர் காரில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். டாங்க்குக்குள் விட்டு எம்புட்டு இருக்கிறது என்று அளந்து, குச்சியை உள்ளங்கையில் துடைத்து, மோந்து பார்ப்பார். அன்றைக்கும் துடைத்து மோந்தபடியே சொன்னார்: "அந்த எஞ்சின் கேட்டுச்சு, நீ குடுத்த. என் வண்டி கேக்கலை. வண்டி கேட்டாக் குடு, வண்டிக்காரன் கேட்டாக் குடுக்காத."

கப்பல் வந்து நின்றது

சங்கையா ஓட்டிய காரைக் கப்பல் என்றுதான் ஊரில் சொல்வார்கள். எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். கரிசல் காட்டுக்குள்ளும் இறங்கி ஏறும், அம்புட்டு உயரம். பண்ணையார் அதில் ஏற ஒரு முக்காலி தனியாக வைத்திருந்தார். பங்குனிக் கடைசியில் ஒருநாள் பண்ணையாரே கூட வந்து, என் ஹாரன் கதையைக் கேட்டார். கேட்டவர் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்.

"சங்கையா, இனிமே நம்ம வண்டிக்குச் சிவப்புதான்."

"எசமான், இது வெள்ளையிலேயே பூனை மாதிரி ஓடுது. ஒரு தட்டு உண்டா, ஒரு இருமல் உண்டா? எதை ஊத்துனாலும் இதுக்கு ஒண்ணுதான். எதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"என்னால முடியும். சீட்டுல உக்காந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்."

பேச்சு வளர்ந்து பந்தயம் ஆனது. டாங்க்கைக் காலி செய்து, ஏதோ ஒன்றை நான் ஊற்ற வேண்டும். கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்பி வந்து, எது என்று பண்ணையார் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சங்கையாவின் மீசை போகும். தப்பாகச் சொன்னால் பண்ணையார் இனிச் சிவப்பைத் தொடுவதில்லை. பண்ணையார் தொடாததை மதுரையில் வேறு எந்தப் பெரிய வீட்டுக் காரும் தொடாது.

என் நிலைமையை யோசியுங்கள். பண்ணையார் என்ன ஆனாலும் சிவப்பு என்றுதான் சொல்வார். நான் சிவப்பை ஊற்றினால் மாமனாரின் மீசை போகும். மீசை போன வீட்டில் எனக்கு யார் பெண் தருவார்கள்? வெள்ளையை ஊற்றினால் என் வேலை போகும். வேலை போனால் அப்போதும் பெண் இல்லை. முதலாளி என் தோளில் கை போட்டு, காதுக்குள் சொன்னார்: "நீ எதை ஊத்துவியோ எனக்குத் தெரியாது மாயாண்டி. சித்திரைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

கொட்டாம்பட்டிப் பயணம்

இரண்டு குடுவைக்கும் சாக்கைப் போர்த்தினேன். பண்ணையார், சங்கையா, முதலாளி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் எதிரே சர்பத் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்தேன். மதுரையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்து நின்றது அன்றைக்கு மட்டும்தான். ஊற்றினேன். மூடினேன். கிளம்பினோம்.

சங்கையா ஓட்ட, பக்கத்தில் நான். பின்னால் பண்ணையார் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, சாமி வரப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். புளியமரங்கள் பின்னால் ஓடின. மாட்டு வண்டிகள் ஒதுங்கின. மேலூர்ப் பக்கம் ஒரு காளை எங்களைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கிச் சலாம் வைத்தது. (பல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.) பள்ளத்தில் கார் தூக்கிப் போட்டபோதெல்லாம் பண்ணையார் "ஆகா, சிவப்பு பேசுது" என்றார். சங்கையா ஒரு கையால் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்து இறங்கியதும் பண்ணையார் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "சிவப்பு! சந்தேகமே இல்லை. சொல்லுடா மாயாண்டி!"

எல்லா முகமும் என் பக்கம். "எசமான்," என்றேன், "பாதி சிவப்பு, பாதி வெள்ளை. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் ஊத்துனேன்."

பண்ணையார் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "அதான பாத்தேன்! மேலூர் வரைக்கும் பறந்துச்சு, மேலூரைத் தாண்டி நடந்துச்சு. சிவப்பு மேல நின்னிருக்கு, அது முதல்ல தீந்திருக்கு! இனிமே நம்ம கப்பலுக்குப் பாதிப் பாதிதான்." முதலாளி அங்கேயே மீனாட்சியை நினைத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் ஒருத்தர், அப்படியானால் பாதி மீசையை எடுக்க வேண்டாமா என்று கேட்டார். பண்ணையார் சங்கையாவை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாம்ப்பா, இருந்துட்டுப் போகுது. பாதி மீசைக்காரன் ஓட்டுற வண்டியில நான் எப்படி ஊருக்குள்ள போவேன்?"

குச்சி சொன்னது

எல்லோரும் சர்பத் குடிக்கப் போனார்கள். சங்கையா மட்டும் போகவில்லை. மூங்கில் குச்சியை எடுத்தார். டாங்க்குக்குள் விட்டார். வெளியே எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் துடைத்தார். உள்ளங்கையையும் பார்த்தார். நான் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாதி சிவப்புன்னு சொன்ன. குச்சி வெள்ளைவெளேர்னு வருது. ஒரு பொட்டு சிவப்பக் காணோம். ஏண்டா வெள்ளைய ஊத்துன?"

பாதிப் பாதி ஊற்றத்தான் நானும் நினைத்தேன். கை கேட்கவில்லை. ஆட்களிடம் எத்தனை பொய்யும் சொல்லலாம், எஞ்சினிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையையே சொன்னேன்:

"வண்டி அதைத்தான் கேட்டுச்சு, மாமா."

மாமா என்றதற்கு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. குச்சியை வேட்டி நுனியில் துடைத்துக் காருக்குள் வைத்தார். மீசைக்கு அடியில் என்னவோ அசைந்தது.

"வண்டிகிட்ட உண்மையா இருந்திருக்க. பொய்யவும் யாருக்கும் வலிக்காமப் பிரிச்சுக் குடுத்திருக்க. எசமான் மொகம் வாடலை, என் மீசை போகலை, உன் பொழப்பும் போகலை. எம்மகளுக்கும் உங்காத்தாளுக்கும் நடுவுல நீ தப்பிச்சுக்குவ, மாப்ள."

அந்தச் சித்திரையிலிருந்து இன்று வரை, வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் பாதிப் பாதி என்று வாயால் சொல்லிவிட்டு, ராக்கு காட்டுகிற பம்பிலிருந்தே முழுக்க ஊற்றி வருகிறேன். வண்டி இதுவரை நடுவழியில் நின்றதில்லை.