பங்குனிக்குப் பங்குனி

செந்துறைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கொளஞ்சியப்பனின் மாட்டு வண்டிக்குக் ‘கல்யாண வண்டி’ என்று பெயர். வண்டிக்காரனுக்கே கல்யாணம் ஆகவில்லை என்பதைப் பெயர் வைத்தவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊர் அப்படித்தான். வேண்டியதை மட்டும்தான் யோசிக்கும்.

பெயர் வந்த கதை இதுதான். திருமழபாடிக் கோயிலில் பங்குனி மாதம் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு கொள்ளிடத்து மணலைத் தாண்டி வருவார்கள். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்று சொல்லிக் கல்யாண வயதில் இருப்பவர்களை எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் கொளஞ்சியப்பன் தன் பெரிய தங்கை சிந்தாமணியைக் கூட்டிப்போனான். ஆவணியில் அவளுக்குத் தாலி ஏறியது. மறு வருஷம் கலியம்மாளைக் கூட்டிப்போனான். தை பிறந்ததும் அவளும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் விடுவார்களா? பங்குனி வந்தால் பெண்ணை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவன் வாசலில் நின்றார்கள்.

அவன் வருஷா வருஷம் வண்டி கட்டினான். ஆனால் ஒரு தடவைகூடக் கல்யாணம் பார்க்கப் போகவில்லை. அப்பா செத்தபோது அவனுக்கு இருபத்தொரு வயது. தாய் முன்னமே போய்விட்டாள். மூன்று தங்கைகளையும் கரையேற்றிய பிறகுதான் எனக்கு என்று குலசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். நந்தி கல்யாணத்தைப் பார்த்து வைத்து, அது பலித்துத் தொலைத்தால் சத்தியம் என்ன ஆவது? கடைசித் தங்கை அஞ்சலைக்கு அப்போது வயது ஒன்பதோ பத்தோதான்.

ஆகவே பெண்களை எல்லாம் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மாடு மிரளும், நான் காவல் இருக்கிறேன் என்று ஆற்றங்கரைப் புளியந்தோப்பிலேயே தங்கிவிடுவான். அந்த மாடுகள் காதருகில் வேட்டுப் போட்டாலும் அசைபோடுவதை நிறுத்தாதவை.

தோப்பு அய்யம்பெருமாள் என்பவருடையது. தோப்புக்குள்ளேயே வீடு. பெண்டாட்டி இல்லாத மனிதர். ஒரே மகள் சின்னம்மாள். திருவிழாவுக்கு அவரும் போய்விடுவார். வீட்டுக்குக் காவல் வேண்டுமே என்று மகள் இருந்துகொள்வாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் பக்கம் மேளம் கேட்கத் தொடங்கினால், கூட்டம் திரும்ப ஒரு நாழிகைக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்கத் தோப்பில் இரண்டு மாடும் இரண்டு மனிதர்களும்தான்.

முதல் வருஷம் அவள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தான். அவ்வளவுதான். இரண்டாம் வருஷம், கல்யாணம் பார்க்கப் போகலையா என்று கேட்டாள். சத்தியத்தைச் சொன்னான். அவள் சிரித்தாள். மூன்றாம் வருஷம் அவன் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை.

“பார்த்தா யாருக்காச்சும் கட்டி வச்சிடுவாங்கல்ல” என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பேச்சின் அர்த்தம் மறுநாள் அரியலூர் தாண்டும்போதுதான் கொளஞ்சியப்பனுக்கு விளங்கிற்று. கொஞ்சம் மந்தம்தான். விளங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் இருந்த பெண்கள் அச்சாணி கழன்றுவிட்டதோ என்று பயந்து இறங்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவனுக்கு வருஷம் என்பது அந்த ஒரு நாழிகையாகச் சுருங்கிவிட்டது. மானம் பார்த்த பூமியில் கம்பும் வரகும் விதைத்தான், அறுத்தான். யுத்தம் வந்தது, அரிசி கிடைக்காமல் போனது, ஒரு மாடு செத்து வேறு மாடு வாங்கினான். இதெல்லாம் நடுவில் நடந்தவை. களை வெட்டும்போதும் ஏர் ஓட்டும்போதும், இதைச் சின்னம்மாளிடம் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டு போவான். போனால் பாதி மறந்துவிடும். ஆறேழு வருஷம் அவளைப் பார்த்திருக்கிறான் என்று பெயர். கூட்டிப் பார்த்தால் ஒரு பகல்பொழுது தேறாது.

தடை ஒன்றும் இல்லை. ஒரே சாதி சனம், கேட்டால் கொடுக்கிற இடம். அஞ்சலை வளர வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. கடமையைத்தான் முடித்தாக வேண்டும், ஆசை காத்திருக்கும் என்று அவன் நினைத்தான். நல்லவர்கள் செய்கிற தப்பு இது.

நாற்பத்தேழாம் வருஷம் பதினாறு வயது அஞ்சலையை அழைத்துக்கொண்டு வந்தான். அவளும் மற்றப் பெண்களும் கோயிலுக்கு ஓடினார்கள். சின்னம்மாள் தண்ணீரோடு வந்தாள். காதோரம் ஒரு நரைமுடி. அவளுக்கு இருபத்தைந்துதான் இருக்கும்.

“அஞ்சலைக்கு ஆயிடட்டும். வர்ற பங்குனி நந்தி கல்யாணத்தை நான் கண்ணால பார்த்துட்டு வந்து ஒங்க அப்பாகிட்ட கேட்டுடறேன்” என்றான். முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் புளியம்பட்டையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாளுதான் விடியுது. எனக்குத் தெனமும் விடிஞ்சு, தெனமும் பொழுது போவுதுங்க” என்றாள்.

அந்த ஆவணியிலேயே அஞ்சலைக்குக் கல்யாணம் முடிந்தது. சத்தியமும் தீர்ந்தது. மறுநாளே வண்டியைப் பூட்டியிருக்கலாம். இரண்டு நாள் பாதைதானே! புரட்டாசியில் நல்ல காரியம் பேசக்கூடாது என்றான். ஐப்பசியில் மழை. தையில் அறுப்பு. உண்மையில் அவன் மனசில் இருந்தது வேறு. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பலித்த கல்யாணத்தைத் தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கோயில் பிரசாதத்தோடு போய் முறையாகக் கேட்க வேண்டும். எட்டு வருஷம் தள்ளி வைத்த ஆசையாயிற்றே, சாமி கையால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான்.

நாற்பத்தெட்டு பங்குனியில் புது வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டான். அய்யம்பெருமாளை இதுவரை அய்யா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். இந்தத் தடவை மாமா என்று கூப்பிட வேண்டும். மாமா, மாமா என்று வழியெல்லாம் மாடுகளிடம் சொல்லிப் பழகினான். வண்டியில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள்.

வழியில் வண்டிக் கூட்டம். திருமழபாடி எல்லையை மிதிக்கும்போதே மேளம் கேட்டுவிட்டது. தோப்புக்குப் போய் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்தால் முகூர்த்தம் தப்பிவிடும். கோயில் பக்கத்திலேயே ஒரு வேப்பமரத்தில் மாடுகளைக் கட்டிவிட்டு ஓடினான். கூட்டத்தில் இடிபட்டு, நுனிக்காலில் நின்று, நந்தி கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்தான். தாலி கட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. பிரசாதத் தேங்காயையும் பூவையும் துண்டில் முடிந்துகொண்டு தோப்புக்கு நடந்தான்.

வாசலில் பாய் விரித்து, மீன்சுருட்டியிலிருந்து வந்த நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் அய்யம்பெருமாள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா தம்பி. நல்ல நேரத்துக்கு வந்தே. இப்பத்தான் சின்னம்மாளுக்கு வெத்தில பாக்கு மாத்துனோம். மாசியிலேயே கேட்டு வந்தாங்க. திருநா கல்யாணம் முடியற நேரத்துல சொல்றேன், அதுவரைக்கும் கேக்காதீங்கன்னு புடிவாதமா இருந்தா. மோளச் சத்தம் அடங்குனதும் சரின்னுட்டா.”

சபையில் வெற்றிலை மாற்றினால் மாற்றியதுதான். அந்த வார்த்தையை யாரும் திரும்ப வாங்க முடியாது. ரொம்ப சந்தோஷம் அய்யா என்றான்.

சின்னம்மாள் எப்போதும் போலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. அவன் துண்டில் முடிந்திருந்த பூ வெளியே தெரிந்தது. அதைத்தான் பார்த்தாள்.

“கல்யாணம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“நான் பார்க்கலை. வண்டி வருதான்னு இங்கதான் நின்னுட்டு இருந்தேன்.”

அவன் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான். வைகாசியில் சின்னம்மாள் மீன்சுருட்டிக்குப் போனாள்.

மறு பங்குனிக்கும் ஊர்ப் பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். கொளஞ்சியப்பன் வண்டி கட்டினான். இந்தத் தடவை வெள்ளனவே புறப்பட்டு, மேளம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்னாலேயே புளியந்தோப்பில் மாட்டை அவிழ்த்தான். வீடு பூட்டியிருந்தது, அய்யம்பெருமாள் மகளோடு போய் இருந்துகொண்டார் என்று யாரோ சொன்னார்கள். நீங்களும் வாங்கண்ணே என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

“நீங்க போங்கம்மா. மாடு மிரளும்” என்றான்.

மாடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. மேளம் அடங்கும்வரை அவன் அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தான்.