செத்த ஈ சாட்சி சொல்லாது

பவானி அக்கா காலமான செய்தி, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மல்வேர்னில் பஸ்ஸுக்கு நின்றபோது வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடிருப்பவருக்கே அஞ்சலி போட்ட குழு அது. அவருடைய கணவருக்கு அழைத்தேன். "ஓம் தம்பி, உண்மைதான். விடியக்காலமை, ஹார்ட் அட்டாக்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன். விசாரிக்காமல் அழுதிருந்தால் அக்காவே கோபித்திருப்பார்.

அவரை அறிந்த நீங்கள் இறுதிச் சடங்கில் "அன்பானவர், எல்லாரையும் நம்புபவர்" என்று பேசினீர்கள். முதலாவது உண்மை. இரண்டாவது சுத்தப் பொய். நாங்கள் சேர்ந்து வேலைசெய்த ஆய்வுகூடத்தில் மதியம் மட்டன் ரோல்ஸ் வந்தால், அதைப் பிரித்துக் கிளறிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். "கடைக்காரர் மட்டன் எண்டா மட்டனோ?" என்பார்.

எங்கள் வேலையே சந்தேகப்படுவதுதான். வசந்தத்தில் இங்கே வடக்குப் பக்கம் முகாம் போனால் கழுத்தில் கடிக்கிற கறுப்பு ஈயின் உறவுகள், ஆபிரிக்க ஆற்றங்கரைகளில் ஒரு புழுவைப் பரப்புகின்றன. அந்தப் புழு மனிதரின் பார்வையைப் பறித்துவிடும். ஆனால் எல்லா இன ஈயும் பரப்பாது. சிலவற்றுக்குள் இரத்தத்தோடு போன புழு செத்துவிடும். சிலவற்றில் நெஞ்சுத் தசையில் வளர்ந்து தலைக்கு வரும், அடுத்த கடியில் இன்னொருவருக்குள் இறங்கும். அதனால் கெடாமலிருக்க மதுசாரத்தில், அதாவது ஆல்கஹோலில், ஊறி அங்கிருந்து வந்துசேரும் ஈக்களை அறுக்கும்போது உடம்புக்கு ஒரு ஊசி, தலைக்கு வேறு ஊசி. உடம்பிலிருந்த புழு ஊசியில் ஒட்டித் தலைக்கு வந்துவிடக்கூடாது. ஒருநாள் ஒரு தலையில் புழுவைக் கண்டு துள்ளினேன்.

"ஊசியை மாத்தினீரோ?"

"மாத்தினனான் அக்கா."

"ஆர் பாத்தது?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சிரிக்கவேயில்லை.

கடைசியாக ஓர் இனத்தின் ஈக்களை ஆராய்ந்தோம். நோயாளிகளின் இரத்தம் குடித்தவை, ஆனால் ஒன்றின் தலையிலும் புழு இல்லை. "இந்த இனம் பரப்பாது" என்று அறிக்கை எழுத எங்கள் ஆய்வுகூடப் பணிப்பாளர் அவசரப்பட்டார். எழுதினால், அந்த ஈ மட்டும் கடிக்கும் ஊர்களுக்குப் போகும் புழுக்கொல்லி மாத்திரை நின்றுவிடும். அக்கா ஒன்றுதான் கேட்டார்: "உந்த ஈயள் எப்ப செத்தது?"

பதிவேடுகளில் தேடிப் பார்த்தோம். பெரும்பாலானவை இரத்தம் குடித்து ஓரிரு நாளில் செத்திருந்தன. புழு தலைக்கு வர ஒரு கிழமையாவது, ஏழு நாளாவது வேண்டும்.

"செத்த ஈ சாட்சி சொல்லாது. நாளைக்கு ஆற்றங்கரையில ஒராளுக்குக் கண் போனா ஆர் திருப்பிக் குடுக்கிறது?" என்றவர், திரும்பப் பரிசோதிக்கும்வரை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என்னையும் போடவேண்டாம் என்றார்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் பணிப்பாளர் என் தோளில் கைபோட்டார். கண் கலங்கியிருந்தது. அதையும் சந்தேகித்தேன்.

"அந்த அறிக்கையை இனி அனுப்பிவிடுவோமே. அவருடைய நினைவுக்குச் சமர்ப்பணம் என்று போடலாம்" என்றார் மெதுவாக.

பெட்டிக்குள் அக்கா, மறுத்துப் பேச வழியில்லாமல். ஈக்களை ஒரு கிழமைக்கு மேல் உயிரோடு வைத்துப் பார்த்தபின் வாருங்கள் என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மறுப்பை மட்டும்தான். என் கையெழுத்து இன்னும் விழவில்லை. ஆற்றங்கரைக்கு மாத்திரை இன்னும் போகிறது.