எங்கள் உப்பளத்தில் பெய்த சினிமா மழை

சுனாமி வந்துபோன அடுத்த கோடை, 2005. மரக்காணம் உப்பளத்தில் சினிமா ஷூட்டிங். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் நானும் ஒருவன். உப்பு வாரும் வீட்டுப் பையன் கோடம்பாக்கத்தில் கதை எழுதுகிறான் என்று ஊரே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அந்தக் கதையோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் குடும்பக் கதையாக எழுதினேன். ஒரே அழுகை, வேண்டாம் என்றார் டைரக்டர். பேய்க் கதையாக மாற்றினேன். "வெள்ளை வெளேர்னு உப்பு, பளீர்னு வெயிலு, இதுல பேய் எங்கப்பா ஒளியும்?" என்று கேட்டார். கடைசியில் காதல் கதை என்று முடிவானது. காதல் என்றால் மழைப் பாட்டு வேண்டுமாம்! எனக்கு அது வரவே இல்லை. எங்கள் ஊரில் மேகம் கறுத்தால் காதல் வராது, பயம்தான் வரும். விளைந்த உப்பு கரைந்து போகுமே! நான் எழுதிய மழையில் காதலர்கள்கூட ஓலை எடுத்துக்கொண்டு உப்பை மூட ஓடினார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு அந்தக் காட்சியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

ஷூட்டிங் நடந்த இடத்துக்குப் பக்கத்துப் பாத்திகள் என் அக்கா குத்தகைக்கு எடுத்தவை. கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளிப் போட்டு, அந்த வருடத்தில் அவள் எடுத்த முதல் உப்பு அங்கே குவிந்து கிடந்தது. குவியல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று மூடியிருந்த ஓலைகளை எடுக்கச் சொன்னார்கள். லாரித் தண்ணீரில் மழை பெய்ய வைத்தார்கள்.

"சார், காத்து திரும்புச்சுன்னா உப்பு போச்சுங்க" என்று கெஞ்சினேன்.

கேமராவை மறைக்காதே என்பதுதான் பதில்.

காற்று திரும்பியது. சாரல் முழுவதும் குவியல் மேல்.

"ஐயோ, கரைக்கிறானுங்களே பாவிங்க!" என்று கத்திக்கொண்டு அக்கா ஓடினாள். கூட வேலை செய்த பெண்களும் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழுக்கி விழுந்தார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். டைரக்டர் தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. கேமராவை அவர்கள் பக்கம் திருப்பச் சொன்னார். எல்லாம் முடிந்தபோது குவியலில் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அந்தக் குத்தகையை அக்காவால் தொடர முடியவில்லை. அடுத்தவர் பாத்திக்குக் கூலிக்குப் போனாள்.

2006-இல் படம் வந்தது. நாமும் வருகிறோமாமே என்று அக்கா ஆசைப்பட்டாள், திண்டிவனத்துக்கு அழைத்துப் போனேன். அந்த ஓட்டத்தை வேகமாக ஓடவிட்டு, கோமாளித்தனமான இசையைப் போட்டு, நகைச்சுவைக் காட்சியாக்கியிருந்தார்கள். அக்கா சறுக்கி விழுந்ததை மட்டும் இரண்டு முறை காட்டினார்கள். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை, சிரிக்கிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, நான் விழுந்தது இவங்களுக்கு அவ்ளோ சிரிப்பாவா இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இன்றைக்கும் குடும்பக் கதை, பேய்க் கதை, காதல் கதை என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுக்கிறேன். சிரிப்புக் காட்சிக்கு மட்டும் கை ஓடுவதில்லை, யாரோ ஒருத்தர் விழுந்தால்தானே தியேட்டர் சிரிக்கும்!